கடைசியாக எழுதியது நிற்கும்

"அண்ணே, நான் இன்னும் மாப்பிள்ளை தேடறேன்னு உங்க புத்தகத்துல இருக்கு. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

வரன் புத்தகத்தை மேசையில் படாரென்று போட்டாள் காமினி. பினாங்கின் டத்தோ கிராமாட்டில் கடைவீட்டு மாடியில் இருந்த அந்தத் திருமணத் தகவல் மையத்துக்கு மாதாமாதம் புத்தகம் தயாரிப்பவன் கோகுலன். இந்த மாத இதழ் வெளிவந்து மூன்றே நாள்.

"உக்காரும்மா. நிச்சயமாயிருச்சுன்னு எழுதிக் கொடுத்தியா?"

"போன மாசமே கொடுத்துட்டேன்ணே, சீட்டு இருக்கு பாருங்க! நான் கட்டிக்கப்போற ஷர்வினோட அம்மா புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து போன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. 'நாங்க ஜனவரியிலேயே மாத்திட்டோம். எங்க பையன் பேருக்கு நேரா நிச்சயமானதுன்னு பளிச்சுன்னு இருக்கு. உனக்கு மட்டும் இன்னும் வரன் வேணுமா'ன்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியான பதில் இல்லன்னா கல்யாணம் கிடையாதாம். அப்பா காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலண்ணே."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. நிச்சயமானவர்களையும் மூன்று மாதம் புத்தகத்தில் வைத்திருப்பது அங்கே வழக்கம். பினாங்குச் சனங்களில் பாதிப் பேர் யாருக்கு எங்கே முடிந்தது என்று பார்க்கத்தான் அதை வாங்குவார்கள்.

கணினியில் எதையோ திறந்தவன், "அட கடவுளே!" என்றான்.

"என்னண்ணே?"

"என் தப்புதான்மா. போன மாசம் வரைக்கும் மாத்தறதையெல்லாம் கையாலதான் மாத்தினேன். இந்தத் தடவைதான் எக்ஸ்எஸ்எல்டிங்கிற கம்ப்யூட்டர் மொழியில புரோகிராம் எழுதினேன். அது பழைய ஃபைலைப் படிச்சுப் புது ஃபைல் எழுதும். ஒவ்வொருத்தருக்கும் வயசு, வேலை, நிலைன்னு அட்ரிபியூட் இருக்குல்ல? பழசை அப்படியே காப்பி பண்ணிட்டு, அப்புறம்தான் புதுசை எழுதணும். ஒரே பேர்ல ரெண்டு வந்தா, கடைசியா எழுதினதுதான் நிக்கும். நான் புதுசை முதல்ல எழுதிட்டு, பழசைப் பின்னாடி காப்பி பண்ணித் தொலைச்சிருக்கேன்."

"அப்போ என் நிச்சயத்து மேல பழசு வந்து உக்காந்துருச்சு?"

"உனக்கு மட்டுமில்ல. போன மாசம் மாத்தச் சொன்ன அத்தனை பேருக்கும் பழசுதான் வந்திருக்கு. எவ்வளவு திட்டணுமோ திட்டிக்கோ."

காமினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "திட்டறதெல்லாம் அப்புறம்லா. தப்பு உங்களுதுன்னு ஒரு லெட்டர் கொடுங்க. என்னோட சரியான பக்கத்தையும் பிரிண்ட் பண்ணுங்க. ஷர்வின் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்தம்மா அப்புறம் வாயைத் திறக்க முடியாது."

கோகுலன் இரண்டு வரிகளை இடம் மாற்றி, புரோகிராமை மறுபடி ஓட்டினான். அரை நிமிட வேலை. பிறகு கடிதத்தை எழுதி, 'பெண் மீது எந்தத் தவறும் இல்லை' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினான்.

காமினி அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். "அப்பா, சாப்பிடுங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணின கூத்து. நான் நேரா அவங்க வீட்டுக்கே போய்க் காட்டிட்டு வந்துடறேன்."

முதல் பக்கம் வந்தது. 'காமினி. நிலை: நிச்சயமானது.' அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாவது பக்கத்தை எடுத்த கோகுலன், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். மாற்றக் கடிதங்களைக் கீழே கவுண்டரில் பதிவார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று அவன் படித்துப் பார்ப்பதில்லை.

"என்னண்ணே, ஷர்வின் பக்கத்துலயும் மாத்தம் இருக்கா? போன் நம்பரா?"

அவளே வாங்கிப் பார்த்தாள்.

'ஷர்வின். நிலை: வரன் தேடுகிறார். மாற்றச் சொன்னவர்: தாயார்.' புத்தகத்தில் அவனுக்கு வந்திருந்த 'நிச்சயமானது'தான் பழசு. பக்கத்திலிருந்த தேதி, புத்தகம் வெளிவருவதற்குச் சரியாக இரண்டு வாரம் முந்தியது.