முனியாண்டி தேர்ந்தெடுத்த முகாம்

படைத்த சுருட்டின் புகை அடங்குவதற்குள் கலாதேவி விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். மகளை எந்த அறிவியல் முகாமில் சேர்ப்பது என்று முனியாண்டிதான் முடிவு சொல்ல வேண்டும்.

சாமிக்கே இது புதுசு. பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் தொலைந்த மாடு, ஓடிப்போன பெண் என்றுதான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டம் போய் அடுக்கடுக்காய் வீடுகள் வந்துவிட்டன. சாமி மட்டும் அதே இடத்தில் அரிவாளோடு நிற்கிறார். இப்போது அவரிடம் ரோபோட் பற்றிக் கேட்கிறார்கள்.

ஒன்பது வயது லோஷினி சாதாரணப் பிள்ளை இல்லை. ஈப்போவில் ஒரு நிலையத்தில் சோதித்துப் பார்த்து 'கிஃப்டட்' என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கலாதேவி பாசாரில் கீரை வாங்கும்போதுகூட அந்தச் சொல்லை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பள்ளி விடுமுறையில் சும்மா வீட்டில் வைத்திருக்கலாமா? 'சம்மர் கேம்ப்' அனுப்ப வேண்டும். வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் நாட்டில் தனியாக எது சம்மர் என்று யாரும் கேட்கவில்லை.

கலாதேவி பார்த்து வைத்திருந்தது மால் ஒன்றின் நான்காவது மாடியில். அவள் அக்கா சாந்தினியின் மகன் போன வருடம் அங்கே போனான். ஒரு வாரம் சவர்க்கார நுரை செய்ததற்குக் கறுப்பு அங்கி, தொப்பியெல்லாம் மாட்டிப் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் படத்தை சாந்தினி இன்னும் ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கவில்லை. கலாதேவிக்கு அந்த அங்கி வேண்டும்.

கணவன் தனேஸ்வரனுக்கு அவனுடைய மேனேஜர் மகள் போன முகாம்தான் முகாம். பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சிய மரங்களைச் சுற்றி ஓய்வு விடுதி கட்டி, பிள்ளைகளுக்குத் தலையில் விளக்கு மாட்டி, பால்மரம் சீவக் கற்றுக்கொடுக்கிறார்களாம். பெயர் 'லேட்டக்ஸ் சயின்ஸ்'. தனேஸ்வரனின் அம்மாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே சயின்ஸைத்தான் செய்தார். அவருக்கு மூட்டுவலி கொடுத்தார்கள்.

இரண்டு முகாமும் வரும் திங்கட்கிழமை தொடங்குகின்றன. வீட்டில் சோறு பொங்குகிறதோ இல்லையோ, சண்டை பொங்கியது. கடைசியில் தனேஸ்வரன்தான் வழி சொன்னான்.

"பூ கட்டிப் பாத்துருவோம்லா. சாமி என்னா சொல்லுதோ, அதுக்கப்புறம் நான் வாய் தொறக்க மாட்டேன்."

லோஷினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். பின்வாசல் கறிவேப்பிலை மரத்தில் பட்டாம்பூச்சிப் புழு இருக்கிறது, அது கூடு கட்டி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும், எந்த முகாமும் வேண்டாம். கலாதேவி அலறியடித்து மரத்தைப் போய்ப் பார்த்தாள். அன்றைக்கே பூச்சி மருந்து அடிப்பவருக்குப் போன் போட்டாள். அவரும் திங்கட்கிழமைதான் வருகிறார்.

கோயிலுக்கு வரும் வழியெல்லாம் லோஷினி அழுதாள். பிடிக்க முடிந்த புழுக்களைக் கறிவேப்பிலையோடு ஒரு மைலோ டின்னில் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள். கலாதேவி மால் முகாமின் விளம்பரத்தைக் காட்டிச் சமாதானம் செய்தாள். அதில் எவ்வளவு பெரிய பட்டாம்பூச்சிப் படம் போட்டிருக்கிறார்கள்!

வெள்ளைப் பூ வந்தால் மால், சிவப்பு வந்தால் தோட்டம் என்று பேச்சு. மாயாண்டி பூசாரி வெளியே யாருடைய புதுக் காருக்கோ எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அதனால் பொட்டலம் கட்டும் வேலையைக் கலாதேவியே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பூவை வெற்றிலையில் வைத்து மடித்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் தட்டில் வைத்தாள். தட்டை மகள் கையில் கொடுத்துச் சாமி முன்னால் நிற்க வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

தனேஸ்வரன் உதடு அசைய வேண்டிக்கொண்டே நடந்தான். கலாதேவி அமைதியாக நடந்தாள். முனியாண்டி மேல் அவளுக்கு அன்றைக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது முறை. லோஷினி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து, உள்ளே வந்துவிட்ட பூசாரியிடம் கொடுத்தாள்.

பூசாரி நூலை அவிழ்த்தார். வெற்றிலையை விரித்தார். வெடுக்கென்று கையை உதறினார்.

உள்ளே வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒரு இணுக்குக் கறிவேப்பிலை இருந்தது. அதன் மேல் பச்சையாக, கொழுகொழுவென்று ஒரு புழு.

அடுத்த பொட்டலத்தையும் பிரித்தார். அதிலும் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

கலாதேவி மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். தனேஸ்வரன்தான் விலக்கிவிட்டான். அவன் நியாயஸ்தன். இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை, பிள்ளை எடுத்த பொட்டலத்தில் முதலில் எந்தப் பூ இருந்ததோ அதுதானே சாமி வாக்கு. கிஃப்டட் பிள்ளைக்கு அதுகூடவா ஞாபகம் இருக்காது?

அவன் மகள் முன்னால் குந்தினான். "அப்பா அடிக்க மாட்டேன்லா, சொல்லு. இதுல மொத எந்தப் பூ இருந்துச்சு? வெள்ளையா, செவப்பா?"

கலாதேவிக்கு இருந்த கோபமெல்லாம் திடீரென்று எங்கே போனதென்று தெரியவில்லை. "புள்ளைய விடுங்க, அது பாவம். வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்று அவசரமாகச் செருப்பைத் தேடினாள்.

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டுலயுமே வெள்ளதான்பா இருந்துச்சு."

தனேஸ்வரன் எழுந்து மனைவியைப் பார்த்தான். பூசாரியும் பார்த்தார். புழு நிதானமாகக் கறிவேப்பிலையைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

கலாதேவி யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்து, மருந்து அடிப்பவரிடம் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொன்னாள்.