மிச்சமாகிப்போன ரப்பர்

முற்றத்து வெயிலில், தண்ணீர் நிரம்பிய டிரம்மின் விளிம்பைக் கவ்விக்கொண்டு படகு எஞ்சின் நிற்கிறது. மூன்று தடவை மெக்கானிக்கிடம் போய்வந்தும் நடுக்கடலில் சூடேறி நின்றுபோன எஞ்சின். இந்தத் தடவை பிரித்து மாட்டியிருப்பவள் அண்ணி, முழங்கைவரை கிரீஸ். கொழுந்தன் சாக்கின் மேல் கிடக்கும் நகமளவு கறுப்பு ரப்பரைப் பொறுக்கி ஆட்டிக் காட்டுகிறான். "அண்ணி, இது மிச்சமிருக்கே! மாட்ட மறந்துட்டீங்களா? நாளைக்குக் கடல்ல நான்தான் துடுப்புப் போடணும்போல." அவள் ஸ்பேனரைத் துடைத்து வைக்கிறாள். "அது பழைய பம்பு விசிறியோட இறக்கை. தண்ணி போற வழிய அடைச்சுக்கிட்டு உள்ளயே கிடந்துச்சு. உங்க மெக்கானிக் புதுசு போட்டாரே தவிர, உடைஞ்சு விழுந்ததைத் தேடல. பேசாம கயித்த இழுங்க தம்பி." இரண்டு இழுப்புக்கும் எஞ்சின் இருமிவிட்டு அடங்குகிறது. அவன் வாயெல்லாம் பல். மூன்றாவதில் உறுமிக்கொண்டு எழுகிறது. டிரம் அதிர்கிறது, புகை சுவரில் மோதுகிறது. அவள் கண் எஞ்சினின் பின்பக்கத்துச் சிறு துளையிலேயே இருக்கிறது. அதில் தண்ணீர் பீச்சினால்தான் உள்ளே தண்ணீர் ஓடிச் சூடு தணிகிறது என்று அர்த்தம். துளை காய்ந்து கிடக்கிறது. அவன் கயிற்றை விட்டுவிட்டுத் துளைக்கு நேரே வந்து நிற்கிறான். சட்டென்று ஒரு வெள்ளை நீர்க்கோடு பாய்ந்து கொழுந்தனின் சட்டையில் அறைகிறது. "ஐயோ அண்ணி!" என்று அலறுகிறான். அவன் அங்கே நிற்பது அவளுக்கு முன்பே தெரியும். தள்ளி நில்லென்று அவள் சொல்லவில்லை.