களிமண்ணில் ஒரு கை

“யாரோட கைன்னு கோச் சொல்லவே மாட்டேங்கறார். களிமண்ணுல அமுக்கின அச்சை மட்டும் குடுத்துட்டுப் போயிட்டார்.”

போட்டித் துப்பாக்கிக்குச் செதுக்கி, அதில் பொருத்திய மரக் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தபடி புலம்பினார் துப்பாக்கி மெக்கானிக்.

சாப்பாட்டுக் கேரியருடன் பட்டறைக்குள் வந்த மனைவி, “யாரா இருந்தா உங்களுக்கென்ன?” என்றாள்.

“மூணு வருஷமா போட்டியில தங்க மெடல் வாங்கற ஆளாம்டி! கட்டைவிரல் கோணல், சுண்டுவிரல் குட்டை. இந்தக் கையை வெச்சுக்கிட்டு அவன் எப்படித்தான் சுடறானோ! அவனைத் தவிர யார் கையும் இதுல உட்காராது. என் கையே உட்காரலை, பாரு.”

துப்பாக்கியைப் பிடித்துக் காட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

“சரி சரி, சாப்பாடு ஆறுது.”

கேரியருக்கு இடம் பண்ண, குண்டில்லாத அந்தத் துப்பாக்கியை எடுத்தாள். ஐந்து விரல்களும் அதனதன் பள்ளத்தில் கச்சிதமாகப் பதிந்தன. கை நீண்டது, இம்மியும் நடுங்காமல் சுவர்க் காலண்டரைக் குறி பார்த்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீயா? அப்போ... சனிக்கிழமையானா தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு...”

“ட்ரிகரை இன்னும் கொஞ்சம் லேசாக்குங்க” என்றபடி துப்பாக்கியைக் கீழே வைத்தாள். “இருபது வருஷமா இந்தக் கை சமைச்சதைத்தான் சாப்பிடறீங்க. அச்சைப் பார்த்தும் அடையாளம் தெரியலையா?”