நாய்க்குப் பெயர்

லிபி மொட்டைமாடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயர்லெஸ்ஸின் மோர்ஸ் கீயைத் தட்டித் தட்டித் தன் தம்பியிடம் நாய்க்குப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி சஜின் கடலுக்கு அந்தப் பக்கம், ராணுவம் பிடித்து வைத்திருக்கிற ஊரில் ஒளிந்திருக்கிறான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கப் போனவன். சண்டை வந்ததும் ஓடிவராமல், அங்குள்ள போராளிகளுக்கு வயர்லெஸ் தட்ட உட்கார்ந்துவிட்டான். லிபியை நான் கட்டிய நாளிலிருந்தே எனக்கும் அவனுக்கும் ஆகாது.

அவன் அனுப்புவதை லிபி இங்கே நாங்கள் இருக்கும் கழக்கூட்டத்தில் வாங்கி, மருந்துப் படகு அனுப்புகிறவர்களிடம் சொல்வாள். அக்காளும் தம்பியும் ஆங்கிலத்தில்தான் தட்டிக்கொள்வார்கள். ஏரியல் கம்பியில் என் சட்டைகள் காயும். ஃபிளாட் செகரட்டரியைப் பொறுத்தவரை அது துணி காயப்போடும் கொடி.

நேற்று, ஞானபாய் சித்தி கல்யாணத்தில் சாம்பாருக்குள் விழுந்தது யார் என்று கேட்டாள். இன்று நாய்.

"குண்டு விழுற ஊர்ல இருக்கவன்ட்ட கேக்குற கேள்வியாக்கும் இது?" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"அங்க தட்டுறது சஜின் இல்ல."

கொஞ்ச நாளாகவே இல்லையாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று நிறுத்துகிறவன் இல்லை அவன். நீ என்ன கறி வைத்தாய் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஒருநாள் வெறும் 'சாப்பிட்டேன்' மட்டும் வந்திருக்கிறது. தம்பி பிடிபட்டுவிட்டான், வேறு யாரோ அவன் பெயரில் தட்டுகிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டதாம். மருந்துப் படகு எந்தக் கரைக்கு வரும் என்பது ராணுவக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

படகை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஆனால் ஒன்றும் அறியாதவள் மாதிரி தினமும் பேசுகிறாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று படகைத் தள்ளிப்போடுகிறாள். நடுவில் வீட்டுக் கேள்வி ஒன்று. அவனிடம் கேட்காமல் அவர்களால் பதில் சொல்ல முடியாது. பதில் சரியாக வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். இவள் கேட்டுக்கொண்டிருக்கிற வரை அவனைக் கொல்லவும் முடியாது.

இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் சட்டையில் கம்பிக்கறை பிடிக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் வீட்டில் நாய் வளர்த்ததே கிடையாது. என் மாமியார் கோழியைக்கூட முற்றத்தில் விடமாட்டார்.

அதனால்தான் கேட்டேன் என்றாள். இல்லாத நாய்க்குப் பெயர் கேட்டால், அக்காளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரியுமாம். நாயே இல்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டானானால், இவளுக்குத் தெரிந்தது ராணுவத்துக்கும் தெரிந்துவிடும்; அதோடு முடிந்தது. இந்தக் குடும்பத்துக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான்.

முன்பெல்லாம் பதில் உடனே வரும். இப்போது 'இரு' என்று வந்தது. இருந்தோம். கீழே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லிபி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கருவி கீச்சிட்டது. கேட்கக் கேட்க ஒவ்வொரு எழுத்தாக என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்.

ஏ. பி. ஐ. என்.

அபின். என் பெயர்.

துப்பாக்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லியிருக்கிறான். எவனோ ஒரு ராணுவக்காரன் அதைப் பயபக்தியோடு தட்டி அனுப்பியிருக்கிறான்.

லிபி சிரித்தாள். பாதியில் அழுதாள். மறுபடியும் சிரித்தாள்.

என்னை நாய் என்று சொன்ன யாரையும் நான் இதுவரை சும்மா விட்டதில்லை. இப்போது சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் பூனைக்க பேரு கேளு" என்றேன்.