பதினேழாம் வரிசை ஜன்னல்

“இடது டேங்க்ல ஃப்யூயல் ரொம்ப வேகமா இறங்குது. பதறாம போய், அந்தப் பக்கத்து இறக்கையைப் பாத்துட்டு வாம்மா” என்றார் கேப்டன்.

அவள் இன்டர்காமை மாட்டினாள். பதினெட்டு வருடமாக விமானப் பணிப்பெண்ணாகப் பறக்கிறவள். கூட வேலை செய்யும் மூன்று பெண்களுக்கும் அவள்தான் அக்கா.

சாப்பாடு முடிந்த பிற்பகல். பாதிப் பேர் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல்.

இறக்கை தெரிகிற பதினேழாம் வரிசையில் ஒரு ஜன்னல் மட்டும் மூடியிருந்தது.

அதன் ஓரம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். மனைவி அவர் தோளில் சாய்ந்து நல்ல தூக்கம். அவர் தூங்கவில்லை. இவள் வருவதைப் பார்த்ததும் அவர் பார்வை இவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

“ஒரு நிமிஷம் சார்” என்று எட்டி, ஜன்னல் மறைப்பைத் தூக்கினாள்.

இறக்கைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. நூல் பிடித்தாற்போல நேராக, வெயிலில் மினுங்கிக்கொண்டு, முடிவே இல்லாமல் போனது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அது ஒழுகிக்கொண்டிருக்கும் எரிபொருள்.

அவர் வெளியே பார்க்கவே இல்லை. என்ன தெரிகிறது என்று கேட்கவும் இல்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஓடாமல், ஆனால் ஓட்டமாக, அவள் முன்பக்கம் போய்க் கேப்டனிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கேப்டன் இடது எஞ்சினை அணைத்தார். கிட்டத்தில் இருந்த விமான நிலையத்தை நோக்கித் திருப்பினார். மிச்சமிருக்கிற எரிபொருள் போய்ச் சேரப் போதும், தரையிறங்க இரண்டாம் தடவை சுற்றி வரப் போதாது என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

ஒரு பக்கத்து இரைச்சல் நின்றதும், அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. யாருடைய மூச்சோ. எங்கோ ஒரு கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுப்பது.

இறங்கும்போது அவள் முன்வாசல் அருகே, பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “குனிங்க, குனிங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன.

பதினேழாம் வரிசையில் ஒன்று மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

சக்கரம் தரையில் மோதியது. குலுங்கிக் குலுங்கி, ஒருவழியாக நின்றது. அழுகையும் கைதட்டலும் ஒன்றாகக் கேட்டன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, நிலையத்து அறையில் கேப்டனிடம் கொட்டித் தீர்த்தாள். “அந்த ஆள் பாத்துக்கிட்டே இருந்திருக்கார் சார். நூத்தி நாப்பது உசிரு! ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

கதவருகே அந்தப் பதினேழாம் வரிசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

உள்ளே வந்து, செல்போனை மேசைமேல் வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். கேப்டன் அவளைக் கூப்பிட்டதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தது.

திரையில் இறக்கை. பின்னால் அதே வெள்ளைக் கோடு, அப்போது மயிரிழை அளவுதான். அவர் குரல் கேட்டது: “இது என்னம்மா, புகை மாதிரி போகுது?”

பதிலுக்கு ஒரு பெண்குரல். கனிவான, சிரிப்புக் கலந்த குரல்.

“மேகம் சார். ஒண்ணுமில்ல.”

கேப்டன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

திரைக்குள் ஒரு கை நீண்டது. விரலில் அவளுடைய மோதிரம். மறைப்பை இழுத்து மூடியது. படம் இருண்டது.

எவ்வளவு யோசித்தும் அப்படி ஒன்று நடந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

இருட்டுக்குள் அந்தக் குரல் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“வெயில் கண்ல அடிக்குது பாருங்க. கொஞ்ச நேரம் தூங்குங்க.”