ஒரு வீடு வேண்டாம் என்றால்

சித்ராதேவி கோழியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன் கால்களைச் சிவப்புப் பனியன் துணியால் கட்டியிருந்தாள். யாரோ பிடுங்கிக்கொண்டு போக வருகிறார்கள் என்பதுபோல் தன் வீட்டுக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காம்பவுண்டில் எல்லோரும் இருந்தார்கள். மற்ற நாட்களில் எல்லோருக்கும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். இன்று எட்டு வீட்டு ஆட்களும் தண்ணீர்த் தொட்டியருகே வந்து நின்றிருந்தார்கள்.

அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் கிட்டுசாமி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மடித்த பனியனுக்குள் வைக்கிற வெள்ளை அட்டை. நேற்றுக் காலை அவர் வீட்டுப் பால் பைக்குள் கிடந்ததாம். கீழே பெயர் இல்லை.

"படிக்கறனுங்க, எல்லாருங் கேட்டுக்கோங்க" என்றவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மூன்றாம் நம்பர் வீட்டுக் கோழி வேண்டாம். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாசல் கேட் வரைக்கும் ஓடிப்போய் நின்று கத்துகிறது. தாங்க முடியவில்லை."

"எழுத்தைப் பாத்தாக் கோழியே எழுதுனாப்பல இருக்குதுங்க" என்றான் நிட்டிங் ஆபரேட்டர் கந்தவேல்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சித்ராதேவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

பாத்ரூம் சுவரில் காம்பவுண்டுச் சட்டம் பெயிண்டில் எழுதியிருந்தது. பறவைக் காய்ச்சல் பேச்சு அடிபட்டபோது கிட்டுசாமி எழுதிவைத்தது. 'வீட்டுக்கு ஒரு கோழிதான். சேவல் கூடாது. ஒரு வீடு வேண்டாம் என்றாலும் கோழியை எடுத்துவிட வேண்டும்.'

"சட்டம்னா சட்டந்தானுங்களே. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கிட்டுசாமி.

அடுத்த வீட்டுக் கண்ணம்மாள் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, சித்ரா ஊட்டுக்காரரு மொக்கைச்சாமி அண்ணன் நெஞ்சு வலியில போயி இன்னும் நாப்பது நாள்கூட ஆகுலீங்க. டாக்டரு சொன்னாருன்னு அண்ணன் ஒத்த ஷிப்ட்டுதான் போகும், சாயங்காலமே சைக்கிள்ல ஊடு வந்துரும். தூக்குப் போசில சோறு மிச்சம் வெச்சுக் கொண்டாந்து, இந்தக் கோழிக்குப் போட்டுட்டுத்தான் செருப்பையே கழட்டுமாம். சித்ரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

சித்ராதேவி கோழியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கறிக்கடைக்காரர் வெலைக்குக் கேட்டதுக்கு, அவரு வளத்ததை நான் எப்படிக் குடுப்பேன்னுட்டாளுங்க. அதுமேல போயி எழுதியிருக்குது பாருங்க ஒரு சென்மம். எழுதுன கையி அழுகிப் போகோணும்."

சித்ராதேவி தன் வலது கையைக் கோழியின் இறக்கைக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள்.

"நாம ஒவ்வொரு ஊடாக் கேட்டுரலாமுங்க. யாருக்கு வேண்டாமோ மூஞ்சிக்கு நேராச் சொல்லட்டும்" என்றான் கந்தவேல்.

கிட்டுசாமி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணாம் நம்பர்?"

"இருந்துட்டுப் போவட்டுமுங்க."

"ரெண்டு?"

"நான்தான் சொல்லீட்டனுங்களே" என்றாள் கண்ணம்மாள்.

அவர் அங்கிருந்து நாலாம் நம்பருக்குப் போனார். டெய்லர் சகாயராஜ் நெஞ்சில் கை வைத்தான். "மாதா மேல சத்தியமா நான் எழுதலண்ணாச்சி. அது கத்துற சத்தத்த நான் ஒருநாளும் கேட்டதே இல்ல."

"நானுங் கேட்டதில்லீங்க" என்றான் அஞ்சாம் நம்பர் கந்தவேல். ஆறாவது, ஏழாவது, எட்டாவது வீடுகளும் அதையேதான் சொன்னார்கள்.

கிட்டுசாமி மடக்கிய விரல்களைப் பார்த்தார். அவருக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அட்டையை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்பறம் என்னுங்க? ஆருமே வேண்டாங்குல. அம்மிணி, கோழி உங்கூட்டுலயே இருக்கட்டும். கட்டை அவுத்து உடு."

கண்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, கோழிக்காலில் இருந்த முடிச்சைத் தொட்டாள். சித்ராதேவி கோழியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். கதவுக்குள் நூல் பிசிறு வெட்டுவதற்கு வாங்கி வைத்திருந்த பனியன் கட்டு அப்படியே கிடந்தது. மொக்கைச்சாமி இருக்கும்போதும் அவள் கம்பெனிக்குப் போனதில்லை. வீட்டில் உட்கார்ந்துதான் பிசிறு வெட்டினாள்.

நாலடி நடந்து வந்து கோழியைக் கிட்டுசாமியின் முன்னால் நீட்டினாள்.

"ஏனம்மிணி? அதுதான் எல்லாரும் சரின்னுட்டாங்கல்ல?"

"ஏழு வீட்டைத்தான்யா கேட்டீங்க. எங்க வீட்டைக் கேக்கலை."

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

கோழியை அவர் கையில் வைத்துவிட்டுச் சித்ராதேவி சொன்னாள்:

"அவரு சைக்கிள் வர்ற நேரத்துக்கு இது வாசலுக்கு ஓடுறப்ப, இங்க நான் ஒருத்திதான்யா இருக்கேன்."