எக்ஸ்டர்னல்

"எக்ஸ்டர்னல் வந்தாச்சு. உன்னைத்தான் முதல்ல கூப்பிடறார், உள்ளே போ," என்றார் ஷ்யாமளா மிஸ்.

சண்முகவடிவு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு என்றிருந்த வைவாவை, வெளிக் காலேஜ் ஆள் வந்து கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வை, இன்றைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மிஸ் நேற்றுச் சொன்னதிலிருந்தே சோறு இறங்கவில்லை. அந்த மாட்டுங்கா காலேஜின் கெமிஸ்ட்ரி லேப் வாசலில் இப்போது அவர்கள் இருவரைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை.

"மத்தவங்கல்லாம் எங்க மிஸ்?"

"அவாளுக்கெல்லாம் அப்பறம். போ, காக்க வைக்காதே."

படிப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன டெர்மில் புதிதாக வந்த சார் அவள் பெயரைக் கேட்டதற்கே பதில் வரவில்லை, வைவாவில் முட்டை.

இதிலும் முட்டை வாங்கினால் இண்டர் சயன்ஸ் படிப்பு அவ்வளவுதான். "ஏட்டி, பெயிலாயிட்டன்னா ஊருக்கு வண்டி ஏத்திருவேன்," என்று அப்பா அய்யாத்துரை சொல்லியாகிவிட்டது. தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை அவருக்கு, சொன்னால் சொன்னதுதான். வள்ளியூரில் அத்தை மகன் மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

உள்ளே கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், கால்சியம் ஹைட்ராக்சைடு எதற்கெல்லாம் பயன்படும் என்று இங்கிலீஷில் கேட்டார்.

பதில் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. அவர் மேஜையைத் தட்டிக்கொண்டு மறுபடி கேட்டார், இன்னும் உரக்க.

ஷ்யாமளா மிஸ் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினார். பக்கத்திலிருந்த சர்க்கரையைத் தொடாமல், கேட்கவும் கேட்காமல், டம்ளரை அப்படியே அவர்முன் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இருந்த ஒரு துணையும் போயிற்று.

எங்கிருந்து வருகிறாய் என்றார் பெரியவர், காப்பியை உறிஞ்சியபடி.

"தாராவி, சார்." அதற்கு மட்டும் குரல் வந்தது.

தாராவிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று உதட்டைப் பிதுக்கினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அதுவரை பயம் இருந்த இடத்தில் குபுகுபுவென்று கோபம் வந்தது.

"ஏன், சம்பந்தம் இல்லாம? எங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியிலதான் நிக்காவ. தோல்ல இருக்க முடி சும்மா கழண்டு வருமா? நீங்க கேட்ட கால்சியம் ஹைட்ராக்சைடுதான் அதக் கழட்டுது."

தமிழில், அதுவும் பச்சைத் திருநெல்வேலியில் எகிறியிருக்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. செத்தோம் என்று நினைத்தாள்.

"அதையே இங்கிலீஷ்ல சொல்லு," என்றார் அவர்.

சொன்னாள். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்வி வந்தது, அதற்கடுத்தது வந்தது. நிறுத்தினால் நாக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, கேட்டதற்கெல்லாம் விடாமல் பேசினாள்.

"போகலாம்," என்றார் பெரியவர். விளக்கெண்ணெய் முகம் அப்படியேதான் இருந்தது.

வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் போச்சு மிஸ். எக்ஸ்டர்னல்ட்டயே சண்டைக்குப் போயிட்டேன். அப்பா என்னைய ஊருக்கு ஏத்திருவாவ."

"வாயைத் திறந்து பேசினயா?"

"பேசிட்டேன் மிஸ். அதான் தப்பாப் போச்சு."

"இங்கிலீஷ்லயும்?"

"கடைசி வரைக்கும் இங்கிலீஷ்தான் மிஸ்."

ஷ்யாமளா மிஸ் லேப் கதவைப் பார்த்தார். பெரியவர் காலி டம்ளரோடு வெளியே வந்து, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அழாதே. அவர் என் மாமனார், வைவா நாளைக்குத்தான்."